அண்ணனின் மணல் மூட்டை

என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு யாராவது உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தால் எனக்குப் பிடிக்காது. அதிலும் நான் புத்தகம் படித்துக்கொண்டிருக்கும்போது சுத்தமாகப் பிடிக்காது.

"அண்ணே, இறக்கி விடு!"

"இரு, இன்னும் கொஞ்சம்."

"எழுத்தெல்லாம் குதிக்குது!"

"நீ குதிக்காம இரு. கனம் மாறுது."

அது படிப்பகத்திலிருந்து வாங்கி வந்த புத்தகம். பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில், ஒரு பையன் நாய் இழுக்கும் வண்டியில் ஏறி அப்பாவைத் தேடிப் போகிறான். வழியில் ஒரு கரடி வருகிறது. கரடி வந்த இடத்தில் அண்ணன் உட்கார்ந்தான். கரடி கீழே போனது. அண்ணன் எழுந்தான். கரடி மேலே வந்தது. அந்தக் கரடி பையனை என்ன செய்தது என்று எனக்குத் தெரியவே இல்லை. வரி தவறிவிட்டது.

என் பெயர் வேம்பு. ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மருதையனுக்குப் பதினெட்டு வயது. எங்கள் வீட்டில் கனமானது என்று சொல்லிக்கொள்ள மூன்றுதான் உண்டு. அம்மி, உலக்கை, நான். அம்மியைத் தொட்டால் அம்மா திட்டுவாள். உலக்கையின் கனம் போதவில்லை. மீதி நான்தான்.

இதெல்லாம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெரு வீட்டு மனைகளுக்குப் பட்டா வந்த வருஷம் அது. கீற்று வீடாக இருந்தாலும் நிற்கிற இடம் எங்களுடையது என்று ஆனதும் அப்பாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. விவசாயக் கூலிகளின் சங்கத்தோடு சேர்ந்து கூலியைக் கூட்டிக் கேட்டார். நாங்கள் வேலை பார்த்த பண்ணையில் கோபித்துக்கொண்டார்கள். எங்கள் தெரு ஆட்களே வேண்டாம் என்று வெளியூரிலிருந்து ஆள் இறக்கி நடவு நட்டார்கள். எங்களுக்கு மிஞ்சியது வாய்க்கால் ஓரத்தில் குத்தகைக்கு இருந்த ஒரு துண்டு வயல். அதை வைத்து நாலு வயிறு நிறையாது.

"தை வரைக்கும் பாப்போம்" என்றாள் அம்மா. "அதுக்குள்ள மருதையனுக்கு ஒரு வேலை கிடைக்கலேன்னா, வேம்பை அம்சத்துக்கிட்ட அனுப்பிட வேண்டியதுதான்."

அம்சம் எங்கள் அத்தை. பட்டுக்கோட்டையில் தேங்காய் நாரில் கயிறு திரிக்கும் இடத்தில் வேலை பார்த்தாள். அங்கே சின்னப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வார்களாம். பள்ளிக்கூடம் என்னாகும் என்று நான் கேட்டேன். அப்பா கூரையைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

நீடாமங்கலம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நெல் கிடங்கு ஒன்று இருந்தது. மூட்டை தூக்க அங்கே ஆள் எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு, புரட்டாசி மாதத்தில் அண்ணன் போனான். அம்மா கீரைக்கட்டு விற்கச் சந்தைக்குப் போன நாள் அது. நானும் கூடப் போயிருந்தேன்.

மேஸ்திரி பெயர் செல்லதுரை. அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். "தூக்கிக் காட்டு" என்றார்.

முதுகில் நெல் மூட்டையை ஏற்றினார்கள். லாரியில் சாய்த்திருந்த பலகையில் அண்ணன் ஒரு கால் வைத்தான். இன்னொரு கால் வைத்தான். அப்புறம் அண்ணன் ஒரு பக்கம் கிடந்தான், மூட்டை ஒரு பக்கம் கிடந்தது.

"தம்பி, நீ மூட்டையைத் தூக்க வந்தியா, மூட்டை உன்னைத் தூக்கணுமா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. "அறுப்பு ஆரம்பிச்சா ஆள் தேவைப்படும். உடம்பைத் தேத்திக்கிட்டு தையிலே வா" என்றார்.

அன்றோடு எங்கள் வீட்டின் நிம்மதி போனது.

பொழுது விடியும் முன்னே அண்ணன் எழுந்து தண்டால் எடுப்பான். அப்புறம் உலக்கை. அப்புறம் நான். பகலில் கிடைத்த கூலி வேலைக்குப் போவான். சாயங்காலம் திரும்பி வந்ததும் மறுபடி தண்டால், உலக்கை, நான். ஒரு நாள் விடமாட்டான். தண்ணீர் குடிக்க லோட்டாவைத் தூக்கினால் கை நடுங்கி, தண்ணீர் பாதி சட்டையில் கொட்டும்.

சாப்பாட்டிலும் ஒரே ரகளை. முடி வெட்டும் கடையில் ஒரு பயில்வான் படம் மாட்டியிருந்தது. அந்தப் பயில்வான் பாலும் பாதாமும்தான் சாப்பிடுவார் என்று யாரோ அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள். அம்மா வயல் நண்டு பிடித்து வந்து, மிளகு அரைத்துப் போட்டு, தெருவே மணக்கிற மாதிரி குழம்பு வைப்பாள். அண்ணன் தட்டை நகர்த்தி வைப்பான்.

"பயில்வான் யாராவது நண்டு தின்பானா?"

"பாதாம் எந்த வரப்புலடா காய்க்குது?" என்று அம்மா கத்துவாள். "சொல்லு, நான் போய்ப் பறிச்சிக்கிட்டு வரேன்!"

"அதெல்லாம் உனக்குப் புரியாது."

"எனக்குப் புரியாது. உனக்குப் புரிஞ்சுதான் ஓணான் மாதிரி ஆயிட்டே!"

அண்ணன் வெறும் கஞ்சியைக் குடித்துவிட்டு என்னைத் தூக்க வருவான். நான் வேப்பமரத்தில் ஏறிக்கொள்வேன்.

ஐப்பசியில் மழை தள்ளிப் போனது. வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். எங்கள் முறை வந்த அன்று, வயலில் தண்ணீர் ஏறியதும் மடையை அடைக்க வேண்டியது என் வேலை. நான் வரப்பில் உட்கார்ந்து படித்தேன். நாய் வண்டி உறைந்த ஆற்றின் மேல் போய்க்கொண்டிருந்தது. பனி விரிசல் விட்டது. அதற்குப் பிறகு மடை எங்கே ஞாபகம் இருக்கும்?

மறுநாள் காலையில் வயல் குளமாக நின்றது. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

"கழுதை! பயிரைத் தண்ணியிலேயே ஊற வெச்சா தூர் கட்டி வளருமா? காய்ச்சலும் பாய்ச்சலுமா இருந்தாத்தான் வேர் பிடிக்கும். பாய்ச்சணும், அப்புறம் காயவிடணும், அப்புறம் பாய்ச்சணும். எத்தனை தடவை சொல்றது!"

வரப்பை வெட்டித் தண்ணீரை வடியவிட மண்வெட்டியை ஓங்கினான். அது இடுப்புக்கு மேல் போகவில்லை. கை அவ்வளவு வலி. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஓங்கினான். மண்வெட்டி சேற்றில் விழுந்தது.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அண்ணே, உன் கையை என்னைக்காவது காயவிட்டியா?"

"என்னது?"

"தினமும் பாய்ச்சிக்கிட்டே இருக்கியே."

"கையும் பயிரும் ஒண்ணா?"

"எனக்குத் தெரியாது. ஆனா உன் கையும் வளரலே, பயிரும் வளராதுங்கிறே."

"வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ."

நான் போனேன். ஆனால் யோசனை என்னோடு வந்தது. பயில்வான் படத்தைத்தான் அண்ணன் பார்த்திருக்கிறான். மூட்டை தூக்குகிறவர்களைச் சரியாகப் பார்த்தானா?

அடுத்த சந்தை நாளில் அம்மாவோடு நீடாமங்கலம் போனேன். அம்மா கீரை விற்கும்போது கிடங்குப் பக்கம் போய், புளியமரத்தடியில் நின்றேன். உச்சி வேளை. தூக்குவாளிகளைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடம் நெத்திலிக் கருவாடு. ஒருவரிடம் அவித்த கடலை. இன்னொருவரிடம் நண்டு, எங்கள் வீட்டு நண்டு மாதிரியே. சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்கள். குறட்டைச் சத்தத்தில் காக்கைகூடப் பறந்து போனது.

"என்ன பாப்பா, யாரைத் தேடுறே?"

மேஸ்திரி செல்லதுரை.

"யாரையும் இல்லீங்க. தூங்குறதைப் பாக்கிறேன்."

"தூங்குறதையா? அதுல என்ன இருக்கு பாக்க?"

"வேலை நேரத்துல தூங்கலாமாங்க?"

"சரக்கு வண்டி வந்தா எழுந்திருப்பானுங்க. இப்பத் தூங்கலேன்னா, அப்ப மூட்டையோட விழுவானுங்க."

நான் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டேன். "நீங்க பாதாம் சாப்பிடுவீங்களா?"

அவர் இருமல் வரும்வரை சிரித்தார். "பாதாம் மூட்டை வந்தா தூக்குவேன்!"

இதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். அவன் கேட்கவில்லை. ஏனென்றால் அன்று காலையில்தான் அவன் கை பெருத்துவிட்டதாம்.

"பாரு! முடிச்சே எட்டலே!"

அண்ணன் ஒரு வாழைநாரைக் கையில் சுற்றி, முடிச்சுப் போட்டு அளவு வைத்திருந்தான். இப்போது அந்த முடிச்சு கையைச் சுற்றி எட்டவில்லை. அவன் தெருவில் எல்லோரிடமும் கையைக் காட்டிவிட்டு வந்திருந்தான்.

நான் நாரைத் தொட்டுப் பார்த்தேன். மொடமொட என்று இருந்தது.

"அண்ணே, அளவு வெச்சப்ப இது பச்சை நார்தானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"காஞ்சு சுருங்கிடுச்சு."

அவன் புரட்டாசியில் போட்டிருந்த சட்டையைப் போடவைத்துக் கையைப் பார்த்தோம். அப்போது இறுக்கிப் பிடித்த சட்டை இப்போது தொளதொள என்று இருந்தது.

அண்ணன் வாசல்படியில் போய் உட்கார்ந்துவிட்டான். எவ்வளவு எரிச்சல் இருந்தாலும் அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"நம்ம வீட்டுல எல்லாருக்கும் மூங்கில் உடம்புதான்டா" என்றார் அப்பா. "பெருக்காது. ஆனா நான் கதிர்க்கட்டு சுமக்கலையா?"

அண்ணன் நிமிரவில்லை. "அந்த மூட்டையை நெனைச்சாலே முட்டி ஆடுதுப்பா. அவங்க சிரிப்பு காதுல கேக்குது."

நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் மட்டும் பிறந்த உடனே குடத்தைத் தூக்கினேனா? முதலில் சொம்பு. அப்புறம் சின்னத் தவலை. அப்புறம்தானே குடம் இடுப்புக்கு வந்தது? எப்போது வந்தது என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

"அண்ணே, நான் சொல்றபடி கேக்குறியா?"

"என்ன?"

"ஒரு நாள் தூக்கு. மறுநாள் சும்மா இரு. அம்மா வைக்கிறதைச் சாப்பிடு. தூக்குறதுக்கு மணல் மூட்டை நான் கட்டித் தரேன். அதை நீ அவிழ்த்துப் பாக்கக் கூடாது."

"ஏன் பாக்கக் கூடாது?"

"பாத்தா நான் பட்டுக்கோட்டைக்குப் போயிடுவேன்."

அண்ணன் என்னையே பார்த்தான். "சரி" என்றான். அன்று ராத்திரி நண்டுக் குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கினான். அம்மா அதற்கும் கத்தினாள். அப்பாவுக்கு மிச்சம் இல்லையாம்.

வெண்ணாற்று மணலைக் கூடையில் அள்ளி வந்தேன். சாக்கில் பாதிக்கும் குறைவாகப் போட்டுக் கட்டினேன்.

"இது என்ன, தலையணையா?" என்றான் அண்ணன்.

"தூக்கு."

முதுகில் வைத்துக்கொண்டு வாய்க்கால் மதகுவரை போய்த் திரும்பி வந்தான். தூக்கும் நாள் ஒவ்வொன்றிலும் அவன் எழும் முன்னே, ஒரு கொட்டாங்குச்சி மணலை நான் மூட்டையில் சேர்த்துவிடுவேன். முந்தின தடவை அவன் தள்ளாடியிருந்தால் சேர்க்கமாட்டேன்.

"இன்னிக்கு ஏன் கனக்குது?" என்று சில நாள் கேட்பான்.

"நீ சரியாத் தூங்கலே."

"அப்படியா?"

"அப்படித்தான்."

தூக்காத நாள்தான் பெரிய தொல்லை. சும்மா இருப்பது அவனுக்கு மூட்டை தூக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பான். "சும்மா இருந்தா எப்படி வளரும்?" என்று என்னைக் கேட்பான். "பயிரைப் போய்க் கேளு" என்பேன். கடைசியில் உட்காரவைத்து, பனி நாட்டுக் கதையைப் படித்துக் காட்டுவேன். கரடி வருவதற்குள் தூங்கிவிடுவான். அந்தக் கதையை நான் எத்தனையோ தடவை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். அவனுக்கு நாய் வண்டி கிளம்பியதே சரியாகத் தெரியாது.

"சோத்துல மணல், பாயில மணல், தலையில மணல்!" என்று அம்மா ஒரு பக்கம். "ஆத்துல இன்னும் மிச்சம் இருக்கா, எல்லாம் வந்துடுச்சா?"

ஆனால் அண்ணனின் கையில் லோட்டா நடுங்குவது நின்றிருந்தது. அதை அம்மாவும் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் கத்தினாள்.

மார்கழியில் ஒரு ராத்திரி எதிர்பாராமல் மழை கொட்டியது. காலையில் நான் கண் விழித்தபோது அண்ணன் வாசலில் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் முகம் சிவந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மெதுவாக அடி வைத்தான். மதகுவரை போனான். திரும்பினான். வந்து மூட்டையைத் தொப்பென்று போட்டான்.

"ஏய் வேம்பு! இன்னிக்கு என்னத்தடி போட்டே?"

"நான் ஒண்ணும் போடலையே! இப்பத்தான் எழுந்திரிச்சேன்."

மூட்டையின் அடியிலிருந்து தண்ணீர் ஓடியது. ராத்திரி மூட்டையை உள்ளே எடுத்து வைக்கச் சொல்ல நான் மறந்திருந்தேன். மணல் முழுதும் மழையைக் குடித்திருந்தது.

நான் மூட்டையைத் தொட்டுப் பார்த்தேன். "அண்ணே, இதை மில்லுக்குத் தூக்கிக்கிட்டு வா. எடை போடுவோம்."

நெல் அரைக்கும் மில் எங்கள் தெருமுனையில்தான் இருந்தது. மில்காரர் மீரா உசேன், சொட்டுகிற மூட்டையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஏம்ப்பா, ஆத்தையே கட்டிக்கிட்டு வந்துட்டியா? என் தராசு துருப்பிடிக்கவா?"

"கோவிச்சுக்காதீங்க மாமா" என்றேன். "நெல் மூட்டை அளவுக்கு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

அவர் எடைக்கல்லை நகர்த்தினார். இன்னும் நகர்த்தினார். "நெல் மூட்டையா? அதைவிடக் கூட இருக்கு. யாரு தூக்கிட்டு வந்தா? ரெண்டு பேரா?"

அண்ணன் தராசைப் பார்த்தான். மூட்டையைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"தினம் மணல் சேர்த்தியா?"

"கொஞ்சம் கொஞ்சமா."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா முட்டி ஆடும்."

அவன் கோபிக்கப் பார்த்தான். முடியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டான்.

தை பிறந்தது. கிடங்கு வாசலில் நெல் வண்டிகள் வரிசையாக நின்றன. அண்ணனைப் பார்த்ததும் பழைய ஆட்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"வந்துட்டாருய்யா! மூட்டையெல்லாம் ஓரமா நில்லுங்க, தம்பி விழப் போகுது!"

அண்ணன் காதில் வாங்காத மாதிரி தலையில் துண்டைக் கட்டினான். இவன் விழுந்தால் நான் அடுத்த வாரம் கயிறு திரிக்க வேண்டும்.

மூட்டை முதுகில் ஏறியது. பலகையில் ஒரு கால். இன்னொரு கால். பாதிப் பலகையில் அண்ணன் நின்றுவிட்டான். சிரிப்பு கிளம்பியது.

அண்ணன் தோளை ஒரு குலுக்குக் குலுக்கி மூட்டையைச் சரியாக ஏற்றிக்கொண்டான். நடந்தான். லாரிக்குள்ளே தொம்மென்று சத்தம் கேட்டது. வெறும் முதுகோடு இறங்கி வந்தான்.

யாரும் சிரிக்கவில்லை.

"அப்படியே ஒல்லியாத்தானே இருக்கே" என்றார் மேஸ்திரி. "இந்தப் பலத்தை எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தே? சரி, இன்னொண்ணு எடு."

இன்னொன்றை எடுத்தான். அதற்கு அடுத்ததையும் எடுத்தான். லாரி நிறையும்வரை தூக்கினான். வேகமாக ஓடியவர்களோடு போட்டி போடவில்லை. நடுவில் ஒருமுறை நிழலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

"நாளைக் காலையில வந்துடு. சோறு கட்டிக்கிட்டு வா" என்றார் மேஸ்திரி.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பட்டுக்கோட்டைக்கு யாராவது போனா சொல்லுங்க. வேம்பு வரலேன்னு அம்சத்துக்குச் சொல்லி அனுப்பணும்" என்றாள். அப்பா அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு, யார் போகிறார்கள் என்று விசாரிக்கக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் அண்ணன் தூக்குவாளியோடு நீடாமங்கலம் போனான். நான் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு ராஜம்மாள் அக்கா என்னை வழியில் நிறுத்தினார்.

"உங்க அம்மாவுக்கு என்னடி ஆச்சு? காலையிலேருந்து நாலு தடவை வந்துட்டுப் போயிட்டா."

"எதுக்கு அக்கா?"

"வீடு வெறிச்சுனு இருக்காம். கத்துறதுக்கு ஒரு ஆள் இல்லையாம். என் கோழியைப் பாத்துக் கத்திட்டுப் போறா!"